கருந்துளை கக்கும் ஜெட்: கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் ஓடும் 'துகள் முடுக்கி'... அகச்சிவப்பு ஒளி சொல்லும் ரகசியம் என்ன?

வடசென்னையை ஒட்டிய வள்ளூரில் உள்ள அனல் மின்நிலையத்தின் மொத்தத் திறன் 1,500 மெகாவாட். 500 மெகாவாட் கொண்ட 3 அலகுகள். சூரியன் வெளியிடும் ஆற்றலுக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால், இதே மாதிரி சுமார் 2,500 கோடி கோடி மின்நிலையங்கள் தேவை. ஆனால் எம்87 என்ற கேலக்ஸியின் நடுவில் இருந்து பீய்ச்சி அடிக்கும் 'ஜெட்' சுமந்து செல்லும் ஆற்றலோ, சில நூறு கோடி முதல் சில ஆயிரம் கோடி சூரியன்களுக்குச் சமம் என்று மதிப்பிடப்படுகிறது.

இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஓரளவு பதில் உண்டு: மையத்தில் இருக்கும் ராட்சதக் கருந்துளை. ஆனால் அந்த ஆற்றல், தனித்தனி எலெக்ட்ரான்களுக்கு எங்கே, எப்படிப் போய்ச் சேருகிறது? இந்தக் கேள்விக்கான முக்கியமான துப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இருக்கிறது. இதில் ஊட்டி தொலைநோக்கிக்கும் ஒரு பங்கு உண்டு.

சுருக்கமாக...

• ரேடியோ கேலக்ஸி ஜெட்டில் இருந்து வரும் அகச்சிவப்பு ஒளி, சூட்டால் வருவதல்ல; காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலெக்ட்ரான்களால் வருவது.
• அந்த எலெக்ட்ரான்கள் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே ஆற்றலை இழந்துவிடும். ஆனால் ஜெட்டோ லட்சக்கணக்கான ஒளியாண்டு நீளம்.
• அப்படியென்றால், போகிற வழியிலேயே எலெக்ட்ரான்களுக்கு மறுபடி மறுபடி வேகம் கொடுக்கப்படுகிறது என்று அர்த்தம்.
• அந்த வேகத்தைக் கொடுப்பது எது என்பதுதான் இன்னும் முழுமையாகத் தீராத கேள்வி.

ரேடியோ கேலக்ஸின்னா என்ன?

எல்லா கேலக்ஸியும் கொஞ்சம் ரேடியோ அலைகளை வெளியிடும். ஆனால் சில கேலக்ஸிகள், நட்சத்திரங்கள் தரும் ஒளிக்கே போட்டி போடும் அளவுக்கு ரேடியோவில் மின்னும். இவைதான் ரேடியோ கேலக்ஸிகள்.

இவற்றின் மையத்தில் பல கோடி அல்லது பல நூறு கோடி சூரியன் எடை கொண்ட கருந்துளை இருக்கும். எம்87ல் இருப்பது சுமார் 650 கோடி சூரியன் எடை. 2019 ஏப்ரலில் உலகம் முதல்முறையாகப் பார்த்த கருந்துளைப் படம் இதனுடையதுதான்.

கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயுவில் ஒரு பகுதி உள்ளே போகாமல், காந்தப்புலத்தால் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் போகும் இந்தத் தாரைதான் ஜெட். கேலக்ஸிக்கு வெளியே போய், அங்குள்ள மெல்லிய வாயுவில் மோதி, இரண்டு பக்கமும் பலூன் மாதிரி உப்பி நிற்கும். அவற்றை 'லோப்' என்கிறார்கள்.

எம்87 ஜெட்டை முதலில் கவனித்தவர் ஹீபர் கர்ட்டிஸ். 1918ல் அமெரிக்காவின் லிக் வானாய்வகப் படங்களில், கேலக்ஸியில் இருந்து நேர்கோடு மாதிரி ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதாகக் குறிப்பெழுதினார். அது என்ன என்று புரிய இன்னும் சுமார் 40 ஆண்டுகள் ஆயின.

இரட்டை லோப் கண்டுபிடிப்பில் ஓர் இந்தியரின் பெயரும் இருக்கிறது. 1953ல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வகத்தில் ரோஜர் ஜெனிசனும் வங்காளத்தைச் சேர்ந்த மிருணாள் குமார் தாஸ்குப்தாவும், சிக்னஸ் ஏ என்ற ரேடியோ மூலம் ஒற்றைப் புள்ளி அல்ல, தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு திட்டுகள் என்று காட்டினார்கள்.

சூடா இருந்தாத்தான் அகச்சிவப்பு வருமா?

பொதுவாக அப்படித்தான். அனல் மின்நிலையத்தின் கொதிகலன், அடுப்பு, நம் உடம்பு என எல்லாமே சூட்டுக்கு ஏற்ற அகச்சிவப்பை வெளியிடுகின்றன. துணை மின்நிலையங்களில் சூடேறிய வயர் இணைப்பைக் கண்டுபிடிக்கப் பயன்படும் தெர்மல் கேமராவும் இதைத்தான் பார்க்கிறது. இந்த ஒளிக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு பக்கமும் இறங்கிவிடும். உச்சம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம்.

ஜெட்டில் இருந்து வரும் அகச்சிவப்பு அப்படி இல்லை. அதில் அந்த மாதிரி உச்சமே கிடையாது. ரேடியோவில் தொடங்கி அகச்சிவப்பு வரை ஒரே சீரான சரிவாக இறங்கி வரும். கூடவே, அந்த ஒளியின் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். இதை முனைவாக்கம் என்கிறார்கள். சூட்டில் இருந்து நேரடியாக வரும் ஒளிக்கு இந்தக் குணம் இருக்காது.

1956ல் வால்டர் பாடே என்ற வானியலாளர், எம்87 ஜெட்டின் ஒளியில் இந்த முனைவாக்கம் இருப்பதைக் கண்டறிந்தார். அதோடு 'இது சின்க்ரோட்ரான் ஒளி' என்பது உறுதியானது.

அது என்ன சின்க்ரோட்ரான்?

எலெக்ட்ரான் நேராகப் போனால் ஒளி தராது. ஆனால் காந்தப்புலம் அதை வளைக்கும்போது, வளைவில் திரும்பும் ஒவ்வொரு கணமும் கொஞ்சம் ஆற்றலை ஒளியாக உதிர்க்கும். 1947ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தின் சின்க்ரோட்ரான் இயந்திரத்தில் இந்த வெளிச்சம் முதல்முறையாகக் கண்ணால் பார்க்கப்பட்டது. அதனால்தான் அந்தப் பெயர்.

இந்தியாவிலும் இதே வேலையைச் செய்யும் இயந்திரங்கள் உண்டு. இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில், இண்டஸ்-1 எலெக்ட்ரான்களை 450 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலும், இண்டஸ்-2 அவற்றை 2.5 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலும் சுற்ற வைக்கின்றன.

இங்கே ஒரு எளிய விதி இருக்கிறது. எலெக்ட்ரானின் ஆற்றல் கூடக்கூட, அது தரும் ஒளியின் அதிர்வெண் கூடும். ஆனால் ஆயுள் குறையும். வேகமாகச் செலவழிப்பவன் சீக்கிரம் கையை விரித்துவிடுவான் என்பது போல.

கணக்கு எங்கே இடிக்குது?

ஜெட்டில் காந்தப்புலம் 100 மைக்ரோகாஸ் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் நம் காம்பஸ் முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தில் இது சுமார் 4,000ல் ஒரு பங்குதான். இந்தப் புலத்தில் கணக்குப் போட்டால்:

• ரேடியோ, 326.5 மெகாஹெர்ட்ஸ்: தேவைப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட இண்டஸ்-1 அளவுதான். எலெக்ட்ரானின் ஆயுள் 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேல்.
• அகச்சிவப்பு, 3.6 மைக்ரான்: தேவைப்படும் ஆற்றல் இண்டஸ்-2ஐப் போல சுமார் 90 மடங்கு. ஆயுள் சுமார் 5,000 ஆண்டுகள்.
• எக்ஸ்ரே: ஆற்றல் இன்னும் 50 மடங்கு அதிகம். ஆயுள் சுமார் 100 ஆண்டுகள் மட்டுமே.

இப்போது 3சி 273 என்ற குவாசரைப் பாருங்கள். தூரம் சுமார் 240 கோடி ஒளியாண்டுகள். அதன் ஜெட்டில் பிரகாசமான முடிச்சுகள் தெரிய ஆரம்பிக்கும் இடமே, மையத்தில் இருந்து ஒரு லட்சம் ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஒளியே அங்கே போய்ச்சேர ஒரு லட்சம் ஆண்டு ஆகும். 5,000 ஆண்டு ஆயுள் கொண்ட எலெக்ட்ரான் அங்கே எப்படி மின்னுகிறது?

ஜெட் அதிவேகத்தில் போவதால், சார்பியல் விதிப்படி எலெக்ட்ரானின் கடிகாரம் மெதுவாக ஓடும். அதைச் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு முழுசாகத் தேறவில்லை. எக்ஸ்ரே எலெக்ட்ரானுக்குச் சுத்தமாகத் தேறாது. ஆக, கருந்துளை பக்கத்தில் ஒரு தடவை 'சார்ஜ்' ஏற்றி அனுப்பினால் போதாது. வழியில் ஆங்காங்கே சார்ஜிங் பாயின்ட் இருந்தாக வேண்டும்.

ஸ்பிட்சர் கண்டது என்ன?

இந்த இடத்தில்தான் அகச்சிவப்பு உதவிக்கு வந்தது. ரேடியோ தொலைநோக்கிகள் ஆயுள் கூடிய எலெக்ட்ரான்களைக் காட்டின. ஹப்பிள் கண்ணுறு ஒளியையும், சந்திரா எக்ஸ்ரேயையும் காட்டின. நடுவில் இருந்த பெரிய இடைவெளியை நிரப்பியது நாசாவின் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி. 2003ல் ஏவப்பட்ட அதன் கண்ணாடியின் விட்டம் வெறும் 85 சென்டிமீட்டர். 2020 ஜனவரியில் அதன் பணி முடிந்தது.

3சி 273 ஜெட்டை ஸ்பிட்சர் பார்த்த முடிவுகள் 2006ல் வெளியாயின. ரேடியோவில் இருந்து அகச்சிவப்பு வரை ஒரே சரிவு. ஆனால் அதற்கு மேல், கண்ணுறு ஒளியில் இருந்து எக்ஸ்ரே வரை இன்னொரு தனி அங்கம் இருப்பது தெரிந்தது. ஒரே ஜெட்டில் இரண்டு வகைத் துகள் கூட்டங்கள் வேலை செய்கின்றன என்பதற்கான வலுவான அடையாளம் இது.

அதுவரை பலர் நம்பிய விளக்கம் வேறு. பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் மைக்ரோ அலைப் பின்னணி ஒளியை ஜெட்டின் எலெக்ட்ரான்கள் மோதித் தள்ளி எக்ஸ்ரேயாக மாற்றுகின்றன என்பது அந்த விளக்கம். அது சரியாக இருந்தால், அதே வேகத்தில் காமா கதிர்களும் ஏராளமாக வர வேண்டும். ஃபெர்மி தொலைநோக்கியின் தரவுகளை வைத்து 2014ல் பார்த்தபோது, அந்த அளவுக்குக் காமா கதிர் இல்லை. 3சி 273ஐப் பொறுத்தவரை அந்த விளக்கம் தோற்றுப்போனது.

வேகம் எப்படிக் கூடுது? கன்டெய்னர் லாரி உதாரணம்

எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகள் எதிரெதிரே வருவதாகக் கற்பனை செய்யுங்கள். நடுவில் ஒரு ரப்பர் பந்து. ஒரு லாரியில் பட்டுத் திரும்பும்போது பந்தின் வேகம் கொஞ்சம் கூடும். அடுத்த லாரியில் பட்டால் இன்னும் கூடும். இப்படி முட்டி முட்டியே பந்து பயங்கர வேகத்தை அடைந்துவிடும்.

ஜெட்டில் லாரிகளுக்குப் பதில் அதிர்ச்சி அலை. வேகமாக வரும் பிளாஸ்மா, மெதுவாகப் போகும் பிளாஸ்மாவில் மோதும் எல்லை அது. எல்லையின் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும், எதிர்ப்பக்கம் தன்னை நோக்கி வருவது போலவே தோன்றும். அங்குள்ள காந்தச் சுருள்கள் எலெக்ட்ரானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி விடும். ஒவ்வொரு தடவை எல்லையைத் தாண்டும்போதும் ஆற்றல் கொஞ்சம் ஏறும்.

என்ரிகோ ஃபெர்மி 1949ல் போட்ட விதை இது. அதிர்ச்சி அலைக்கான முழு வடிவத்தை 1977, 1978 ஆண்டுகளில் பல விஞ்ஞானிகள் தனித்தனியாக உருவாக்கினார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் சில எலெக்ட்ரான்கள் ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படும். பல சுற்றுகள் தாக்குப்பிடிப்பவை ரொம்பக் குறைவு. அதனால்தான் ஆற்றல் குறைந்தவை நிறைய, ஆற்றல் கூடியவை கொஞ்சம் என்ற சீரான சரிவு உருவாகிறது. தொலைநோக்கிகள் பார்ப்பதும் இதே சரிவைத்தான்.

ஒரு கட்டத்தில், ஏறும் ஆற்றலும் ஒளியாக உதிரும் ஆற்றலும் சமமாகிவிடும். அதற்கு மேல் எலெக்ட்ரானால் ஏற முடியாது. லோப்களின் நுனியில் இருக்கும் 'ஹாட் ஸ்பாட்' எனப்படும் பிரகாசப் புள்ளிகள் பலவற்றில், இந்த உச்சவரம்பு அகச்சிவப்பு அல்லது கண்ணுறு ஒளிப் பகுதியிலேயே வந்துவிடுகிறது. அந்த ஒளி சட்டென்று மங்கும் இடத்தைக் கண்டுபிடித்தால், அங்குள்ள முடுக்கி எவ்வளவு வலுவானது என்று அளந்துவிடலாம். அகச்சிவப்பின் மதிப்பே இதில்தான்.

ஊட்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மேலே சொன்ன 326.5 மெகாஹெர்ட்ஸ், சும்மா எடுத்த எண் அல்ல. ஊட்டி அருகே முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி வேலை செய்யும் அதிர்வெண் அது.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டி, 1970ல் செயல்பாட்டுக்கு வந்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பரவளையச் சட்டங்கள் மேல் சுமார் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன.

இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே 11 பாகை சரிவு கொண்ட மலைச்சரிவைத் தேடிப்பிடித்து, வடக்கு தெற்காக தொலைநோக்கியை அமைத்தார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே ஒரு சுழற்சியில், ஒரு வான்பொருளை நாளுக்குச் சுமார் 9.5 மணி நேரம் பின்தொடர முடியும்.

நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது, அதன் சிக்னல் எப்படிக் குறைகிறது, எப்படித் திரும்ப வருகிறது என்று பதிவு செய்தால், அந்த மூலத்தின் நுணுக்கமான வடிவம் தெரிந்துவிடும். 3சி 273ன் துல்லியமான இடமும் 1962ல் ஆஸ்திரேலியாவில் இதே முறையில்தான் பிடிபட்டது. ஊட்டித் தொலைநோக்கி இந்த முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களை அளந்தது. அதை வைத்து 1975ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும், ரேடியோ கேலக்ஸிகள் காலப்போக்கில் மாறி வந்திருக்கின்றன என்பதற்குச் சான்று கொடுத்தார்கள். 'பிரபஞ்சம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது' என்ற கொள்கைக்கு விழுந்த அடிகளில் அதுவும் ஒன்று.

ஊட்டி பார்ப்பது லட்சக்கணக்கான ஆண்டு வயதான எலெக்ட்ரான்களை. ஸ்பிட்சரும் வெப்பும் பார்ப்பது சமீபத்தில் வேகம் ஏறியவற்றை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஜெட்டின் பழைய கதையும் இப்போதைய நிலையும் ஒன்றாகக் கிடைக்கும்.

தூசியைப் பார்த்து ஏமாறக்கூடாது

ரேடியோ கேலக்ஸியில் இருந்து வரும் எல்லா அகச்சிவப்பும் ஜெட்டில் இருந்து வருவதல்ல. கருந்துளையைச் சுற்றி இருக்கும் தூசி வளையம் சூடேறி, அதுவும் அகச்சிவப்பை அள்ளி வீசும். 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் சென்டாரஸ் ஏ கேலக்ஸியின் குறுக்கே ஓடும் கறுப்புத் தூசிப்பட்டை, கேலக்ஸியில் உள்ள தூசிக்குப் பிரபலமான உதாரணம்.

பிரிப்பது எப்படி? தூசி ஒளிக்கு உச்சம் இருக்கும், ஜெட் ஒளிக்குச் சரிவு மட்டும்தான். ஜெட் ஒளியில் முனைவாக்கம் அதிகம். ஜெட்டின் அடிப்பகுதி நாட்கணக்கிலேயே கூடிக் குறையும். தூசி அவ்வளவு சீக்கிரம் மாறாது. வெப் தொலைநோக்கி போன்ற கூர்மையான கண் இருந்தால், முடிச்சு முடிச்சாகத் தனியே பார்த்துவிடலாம். எம்87 ஜெட்டை வெப் அப்படித்தான் அகச்சிவப்பில் படமெடுத்தது.

இன்னும் தீராத கேள்விகள்

முதல் கேள்வி, அதிர்ச்சி அலை மட்டும் போதுமா? 2020ல் நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள், சென்டாரஸ் ஏ ஜெட்டின் நீளவாக்கில் காமா கதிர் வருவதைக் காட்டின. முடுக்கம் ஓரிரு புள்ளிகளில் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்குப் பரவி நடக்கிறது என்று அர்த்தம். கொந்தளிப்பு, ஜெட்டின் ஓரங்களில் ஏற்படும் உரசல், காந்தக்கோடுகள் அறுந்து மறுபடி இணைவது என வேறு வழிகளும் பேசப்படுகின்றன. மறுபக்கம், 2021ல் ஏவப்பட்ட ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள், நம்மை நோக்கி ஜெட்டை நீட்டியிருக்கும் மார்க்கேரியன் 501 என்ற கேலக்ஸியை ஆராய்ந்தது. அங்கே அதிர்ச்சி அலைதான் காரணம் என்பதற்கு 2022ல் சான்று கிடைத்தது. இடத்துக்கு இடம் வழி மாறலாம்.

இரண்டாவது கேள்வி, ஜெட்டில் புரோட்டான்களும் வேகம் பெறுகின்றனவா? 2017 செப்டம்பரில் அன்டார்க்டிகாவின் ஐஸ்கியூப் கருவியில் பதிவான ஒரு நியூட்ரினோ, இதே மாதிரி ஒரு ஜெட் கேலக்ஸியின் திசையில் இருந்து வந்தது. புரோட்டான்கள் இல்லாமல் இப்படிப்பட்ட நியூட்ரினோ உருவாவது கடினம். பூமியைத் தாக்கும் மிக உயர் ஆற்றல் காஸ்மிக் கதிர்களின் பிறப்பிடம் எது என்ற பழைய கேள்விக்கும் இதில் பதில் இருக்கலாம்.

இந்தியா என்ன செய்யுது?

புனே அருகே கோடத்தைச் சுற்றி, 45 மீட்டர் விட்டம் கொண்ட 30 டிஷ்களுடன் இயங்கும் ஜிஎம்ஆர்டி, ரேடியோ கேலக்ஸி ஆய்வில் உலக அளவில் முக்கியமானது. 2024ல் அறிவிக்கப்பட்ட, 2.3 கோடி ஒளியாண்டு நீளம் கொண்ட 'போர்ஃபிரியான்' ஜெட் எந்த கேலக்ஸியில் இருந்து கிளம்புகிறது என்று கண்டறிய உதவியதும் இதுதான். லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கி, ஜெட்களைக் கண்ணுறு ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் கண்காணிக்கிறது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்காவில் உருவாகும் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தில் சேர, இந்திய அரசு 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்திருக்கிறது.

வள்ளூர்ல இருந்து பார்க்க முடியுமா?

ஜெட்டைப் பார்க்க முடியாது. அகச்சிவப்பின் பெரும்பகுதியை காற்றில் உள்ள நீராவி விழுங்கிவிடும். எண்ணூர் கடற்கரைப் பகுதியில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமே இல்லை. ரேடியோவுக்கு மொபைல் டவர்களும் மின்கம்பிகளும் இடைஞ்சல். அதனால்தான் தொலைநோக்கிகள் மலைக்கும் விண்வெளிக்கும் போகின்றன.

ஆனால் திசையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். எம்87 இருப்பது கன்னி ராசி மண்டலத்தில். வள்ளூரின் அட்சரேகை 13 பாகைக்குச் சற்று மேல்; வானில் எம்87 இருக்கும் இடமும் வடக்கே சுமார் 12.4 பாகை. அதனால் அது தினமும் வள்ளூரின் உச்சந்தலைக்கு மேல், ஏறக்குறைய நேராகக் கடந்து போகிறது. மார்ச் கடைசியில் நள்ளிரவு வாக்கில், ஏப்ரல் கடைசியில் இரவு 10 மணி வாக்கில், மே கடைசியில் இரவு 8 மணி வாக்கில் அண்ணாந்து பார்த்தால் அந்தத் திசைதான். வெறும் கண்ணுக்கு எட்டாது; நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் சின்ன தொலைநோக்கி வழியாக மங்கலான வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

நமக்கு என்ன பயன்?

ஜெட்கள் வெறும் வேடிக்கைக் காட்சி இல்லை. அவை சுற்றியிருக்கும் வாயுவைச் சூடாக்கி, அது குளிர்ந்து புது நட்சத்திரங்களாக மாறுவதைத் தடுக்கின்றன. ஒரு கேலக்ஸி எவ்வளவு பெரிதாக வளரும் என்பதையே இது தீர்மானிக்கிறது. எவ்வளவு ஆற்றல் துகள்களுக்குப் போகிறது, எவ்வளவு வாயுவைச் சூடாக்குகிறது என்ற பங்கீடு தெரிந்தால்தான் கேலக்ஸிகளின் வரலாற்றைச் சரியாக எழுத முடியும். அந்தக் கணக்கில் இதுவரை விடுபட்டிருந்த வரி அகச்சிவப்பு. வெப் தொலைநோக்கி தரும் படங்களும், எஸ்கேஏ தரப்போகும் ரேடியோ தரவுகளும் சேரும்போது, அந்த வரியையும் நிரப்ப முடியும் என்பது வானியலாளர்களின் எதிர்பார்ப்பு.